ஒரு மாடு நிக்கிற எடம்

வாங்கம்மிணி, வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாமுங்க, இது கட்டுத்தாரை. மாடு கட்டுற எடத்துல செருப்பக் கழட்டுனாத்தான் சங்கடம். அந்தக் கயித்துக் கட்டல்ல உக்காருங்க. ஹெல்மெட்ட மட்டும் மடியிலயே வெச்சுக்குங்க. கீழ வெச்சா என்ற மாடு மயிலை நக்கிப்போடுவா. போன வருசம் வந்த தம்பி விரிச்சுப் புடிச்ச வரைபடத்துல பாதிய அவதான் தின்னு முடிச்சா.

எந்தப் பக்கமா வந்தீங்க? இட்டேரி வண்டித்தடம் வழியாவா? அப்ப அந்த ஓட்டு வீட்டத் தாண்டித்தான் வந்திருக்கோணும். வாசல்ல ஒரு ஆளு நின்னிருப்பானே, தலையில துண்டக் கட்டிக்கிட்டு, உலகமே தன்ற மண்டை மேலதான் நிக்கிறாப்புல? அவனேதானுங்க. என்ற தம்பி. பேரச் சொல்ல மாட்டேன். அவன் பேரு என்ற வாயில வந்து வருசம் பல ஆச்சு.

நாச்சிமுத்து. கேட்டுக்குங்க, சொன்னது உள்ள இருக்கிற என்ற ஊட்டுக்காரி துளசிமணி. நான் சொல்லல. ஏ துளசிமணி, பேரு சொன்னது போதும், அம்மிணிக்கு மோர் கொண்டா.

கம்பெனிக்குப் பேட்டரி வெக்கறதுக்கு எங்க காட்டு நெலத்தக் கேட்டு வந்திருக்கீங்க. தெரியுமுங்க. உங்களுக்கு முன்னாடி வந்த தம்பியும் இதே கட்டல்லதான் உக்காந்தான். பிரதீப்புன்னு பேரு. மெட்ராஸ் பக்கத்துப் பையன், தங்கமான பையன். எல்லாத்தையும் வெளக்கமாச் சொன்னான். ஆடிக்காத்துல நம்ம பக்கத்துக் காத்தாடியெல்லாம் பேயாட்டம் சுத்துது. அத்தனை கரண்டையும் லைன் தாங்கறதில்ல, அதனால பாதிக் காத்தாடிய நிறுத்தி வெச்சர்றாங்க. பொழுது எறங்குனா ஊரெல்லாம் லைட்டு, மோட்டாரு, டிவி. அப்பக் கரண்டு பத்தறதில்ல. நடுவுல பேட்டரி இருந்தா, எச்சா வந்தத வாங்கி வெச்சுக்கிட்டு வேணுங்கறப்பத் திருப்பிக் குடுக்கும். லாரி மேல வருமே கண்டெய்னர், அதாட்டம் பொட்டி வரிசையா நிக்கும்னான். நான் சட்டுனு புடிச்சுக்கிட்டேன். காத்துள்ளபோதே தூத்திக்கோன்னு பெரியவங்க சொன்னாங்க, இவங்க காத்தையே பொட்டியில அடைச்சு வெச்சு அப்பறமாத் தூத்தப் போறாங்கன்னேன். அந்தத் தம்பி அசந்து போயி அத போன்ல எழுதிக்கிட்டான்.

அவனுக்குப் புடிச்சது இந்தக் கொறங்காடுதான். பாத்தீங்களா, இத உழுவுறதில்ல, வெதைக்கிறதில்ல. ஆடு மாடு மேயறதுக்குன்னே உட்டு வெச்ச காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் தானா வந்துக்கும். சப்ஸ்டேசன் கூப்புடு தூரம். நடுவுல ஓடுது பாருங்க கிளுவை வேலி, அதுக்கு இந்தப் பக்கம் என்னுது, அந்தப் பக்கம் அவன்து. எங்கய்யன் பாகம் பிரிச்சப்ப நாங்க ரெண்டு பேருமே குச்சி நட்டு வளத்துன வேலி. இப்ப ஆளு ஒசரம் நிக்குது, அந்தப் பக்கம் நிக்கிற ஆளு தெரியறதில்ல. சத்தம் மட்டும் நல்லாத் தெரியும். அவன் மேக்கால இருக்கறதுனால மேல்காத்துல அவன் முணுமுணுக்கறது கோட இங்க கேக்கும். நான் பேசறது அங்க கேக்கோணும்னாத் தொண்டையக் குடுக்கோணும். அங்கயும் பாருங்க, அவனுக்கு சவுகரியமாத்தான் அமைஞ்சிருக்குது.

கம்பெனிக்கு ரெண்டு காடும் சேத்தி வேணுமாம். ஒருத்தர்து மட்டும்னாப் பத்தாதாம். அதுலயும் அந்த வேலி ஓடுற எடம்தான் மேடு, மழைத்தண்ணி நிக்காது, பொட்டிய அங்கதான் வெக்கோணும்னான். வேலியப் புடுங்கி, மட்டம் பண்ணி, ஜல்லி கொட்டி, சுத்தியும் கம்பி வேலி போட்டா ஒரே காடு. வாடகை ரெண்டு ஊட்டுக்கும் வந்துரும். நல்ல யோசனைதான? நானும் நல்ல யோசனைன்னுதான் சொன்னேன். கெட்டுப்போனது என்னால இல்லீங்க. ஊருக்கே தெரியும்.

சண்டை எதுக்கா? ஒரு நாயமான காரணமுங்க. அவன் மகளுக்குக் கண்ணாலம் வெச்சான். நான் பெரியப்பன். மொதப் பத்திரிகை எனக்கு வரோணுமா வேண்டாமா? தேங்கா பழத்தட்டோட புருசனும் பொண்டாட்டியுமா வந்து நின்னு கூப்புடோணுமா வேண்டாமா? அவன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? பால் வண்டிக்காரன்கிட்டக் குடுத்தனுப்பிப்போட்டான். பால் கேனுக்கும் கேனுக்கும் நடுவுல சொருகி வந்துச்சு என்ற மருவாதி. பத்திரிகைய எடுத்தா மோர் நாத்தம். நான் கண்ணாலத்துக்குப் போகல.

என்ன துளசிமணி? அவன் ரெண்டு தடவை தட்டோட வந்தானாம், நான் ஒருக்கா பழனியிலயும் ஒருக்கா மாட்டுச் சந்தையிலயும் இருந்தனாம். இருந்துட்டுப் போறேன். மூணாந்தடவை வரப்படாதுன்னு சட்டமா? இவ கண்ணாலத்துக்குப் போயிட்டு வந்தவ, அதனால அவிங்க கட்சி. இவளும் அவன் பொண்டாட்டி பாவாத்தாளும் இன்னைக்கும் வேலிச் சந்துல கொழம்பு மாத்திக்கறாங்க. ஆடு பகை, குட்டி உறவு. அவிங்க ஊட்டுக் கருவாட்டுக் கொழம்பு வந்தா நான் தொடமாட்டேன்னு வெச்சிருக்கறேன். யாரு குடுத்ததுன்னு இவ சொல்லாம ஊத்திப்போட்டா நான் என்ன பண்றது.

ஆனா பேச்சே இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. வேலிக்கு ரெண்டு பக்கம் காடு வெச்சுக்கிட்டுப் பேசாம எப்பிடிப் பண்ணையம் பாக்கறது? நான் என்ற மயிலைகிட்டப் பேசுவேன், அவன் அவனோட செவலைகிட்டப் பேசுவான். ஜாடைன்னு சொல்றது. உங்க பக்கம் கிடையாதுங்களா? அதுக்குன்னு ஒரு மொறை இருக்குதுங்க. அவங்கவங்க மாட்டுகிட்டத்தான் பேசோணும். பேரு சொல்லப்படாது. ஒருத்தர் பேசறப்ப அடுத்த மாடு கத்துனாலும் அடக்கிப்போடோணும். அடுத்தவன் மாட்டுகிட்டப் பேசறதுதான் பெரிய குத்தம். அது அந்த ஆளுகிட்டயே நேராப் போயி மூஞ்சிக்கு மூஞ்சி பேசுன மாதிரி.

மேக்கால மேகம் கட்டுனா நான் சொல்லுவேன்: "மயிலே, சில பேரு தட்டுப்போரத் தொறந்து போட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க, மழை வந்தா மாடு என்னத்தத் திங்கும்?" சித்த நேரத்துல அந்தப் பக்கம் தார்ப்பாய் இழுக்கற சத்தம் கேக்கும். அவன் சும்மா இருப்பானா? "ஏ செவலே, சக்கரையும் இருந்து, மாத்திரையும் போடாம, கறிச்சோறு திங்கறவங்களுக்குக் காலு வீங்குமா வீங்காதா?" எனக்குத்தான் அது. நான் கறி தின்னது அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? எல்லாம் கொழம்புச் சந்து வழியாத்தான். நான் அன்னைக்கு மாத்திரை போட்டேன். அவன் சொன்னதுக்காக இல்லீங்க, தற்செயலா ஞாபகம் வந்துச்சு.

வெடியால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. இதுதான் நடப்பு. மயிலைக்குப் பால் வத்தி வெகுநாளாச்சு, வித்துரலாம்னு இவ சொல்லாத நாளில்ல. நாட்டு மாட்டு இனம் அழிஞ்சு போகப்படாதுன்னு நான் வெச்சிருக்கறேன். அவன் செவலையும் கெழடுதான். அவன் எதுக்கு வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. வறட்டுப் புடிவாதமாத்தான் இருக்கோணும்.

இதுக்கு நடுவுலதான் அந்தப் பிரதீப்புத் தம்பி வந்து மாட்டுனான். இவன் அங்க போனா என்ற தம்பி "மொதல்ல பெரியவங்க கையெழுத்துப் போடட்டும், அப்பறம் நான் போடறேன்"னு சொன்னானாம். இங்க வந்தா நான், "சின்னவன் போட்டுட்டு வரட்டும், பெரியவன் எதுக்கு முந்தோணும்"னேன். பிரதீப்பு இட்டேரியில வண்டிய அங்கயும் இங்கயும் உருட்டி உருட்டி டயரே தேஞ்சு போச்சு. கடைசியில ரெண்டு பேரையும் வேலிகிட்ட வரச் சொன்னான். நான் மயிலையோட போனேன். அவன் அந்தப் பக்கம் செவலையோட வந்து நின்னான். தம்பி நடுவுல, வேலிச் சந்துல, கையில வரைபடத்தோட.

தம்பி அழகாப் பேசுனான். நாடு, கரண்டு, பொகை இல்லாத ஒலகம், எல்லாம் சொன்னான். சொல்லி முடிச்சு, "ஐயா ரெண்டு பேரும் என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டான். அந்தப் பக்கத்துல இருந்து சத்தம் வருது: "செவலே, பெரியவங்க பாத்து எது பண்ணுனாலும் செரி. உனக்கும் எனக்கும் அதுல என்ன நாயம்?" எப்பிடி இருக்குது பாருங்க. கேக்கறதுக்கு மருவாதி, உள்ள பூராக் குத்தல். நான் உடுவேனா? "மயிலே, பால் கேன்ல வெச்சு அனுப்புனப்பத் தெரியாத பெரியவங்க இப்பத் தெரியறாங்களாக்கும்"னேன். தம்பி மாட்டப் பாக்கறான், என்னப் பாக்கறான். மாடு வரைபடத்தப் பாக்குது. அன்னைக்குத்தான் அவ தின்னது.

பாவம், அந்தப் பையன் இவகிட்ட வந்து கேட்டிருக்கான். "ஏம்மா, ஐயா ஏன் மாட்டுகிட்டயே பேசறாரு?"ன்னு. இவ மொறையச் சொல்லிக் குடுத்திருக்கா. சொன்னவ முழுசாச் சொல்லித் தொலைக்கலாமில்ல? பாதிதான் சொல்லியிருக்கா. மறுநா வெடியால தம்பி நெத்தியில துண்ணூரெல்லாம் இட்டுக்கிட்டு வந்தான். நேரா வேலிகிட்டப் போனான். என்ற பக்கம் நின்னுக்கிட்டு, அந்தப் பக்கம் மேஞ்சுக்கிட்டிருந்த செவலையப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டு, "செவலையம்மா, உங்க ஐயா கையெழுத்துப் போட்டா எல்லாருக்கும் நல்லது, அண்ணன் தம்பி ஒத்துமையா இருங்க"ன்னு சத்தமாச் சொல்லிப்போட்டான்!

என்ற பக்கம் நின்னுக்கிட்டு, அவன் மாட்டுகிட்ட! அவன் என்ன நெனப்பான்? நான்தான் ஆளு உட்டு மூஞ்சிக்கு நேராப் பேச வெச்சேன்னு நெனச்சுக்கிட்டான். இட்டேரியில போற வர்றவங்க எல்லாம் சிரிப்பா சிரிக்கறாங்க. செவலை மூக்கணாங்கயித்தப் புடிச்சு இழுத்துக்கிட்டு அவன் உள்ள போனவன்தான். பொழுதோட சத்தம் வரல. அடுத்த நாளும் வரல.

நான் அலட்டிக்கலீங்க. நிம்மதியா இருந்தேன். சோறு எறங்கல, அது வேற விசயம், அது கோவத்துல. வாளிய நங்குநங்குன்னு வெச்சுப் பாத்தேன். இருமிப் பாத்தேன். "மயிலே, யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லீன்னா நம்மகிட்டக் காரு இருக்குது"ன்னு காட்டுக்கே கேக்கறாப்புலச் சொன்னேன். ஒண்ணுமில்ல. பொறவு பாவாத்தா வந்து இவகிட்டச் சொல்லியிருக்கா. அவனுக்கு மனசு உட்டுப்போச்சாம். கையெழுத்துப் போட்டுக் காட்டக் குடுத்துட்டு, செவலைய வித்துட்டு, திருப்பூர்ல மகக்கிட்டப் போயி இருந்துக்கறதாச் சொன்னானாம். "காடும் இல்லை, பேச்சும் இல்லை, இங்க என்ன இருக்குது"ன்னு கேட்டானாம்.

போனாப் போகட்டும்னுதான் நெனச்சேன். திருப்பூர் என்ன சீமையிலயா இருக்குது? பஸ்ஸு இருக்குது. ஆனா அங்க எல்லாம் மாடி வீடு பாருங்க, மாடு கட்டறதுக்கு எடம் ஏது? நாளைக்கே நான் போனாலும் அவன் எதுகிட்டப் பேசுவான், நான் எதுகிட்டப் பேசுவேன்?

அன்னைக்குப் பொழுதோட மயிலையப் புடிச்சுக்கிட்டு வேலிகிட்டப் போனேன். சும்மா கிளுவை ஒடிக்கலாம்னுதான் போனேன். பாத்தா அந்தப் பக்கம் செவலை ஒத்தையில நிக்குது. கூட ஆளில்ல. அது மூஞ்சியச் சந்துல நீட்டி என்னயே பாக்குது. எனக்கு ஒரு நிமிசம் என்ன ஆச்சுன்னே தெரியலீங்க. "ஏ செவலே, உங்கய்யன் எங்கடி?"ன்னு கேட்டுப்போட்டேன்.

ஆமாங்க. செவலைகிட்ட. வாய் தவறிப்போச்சு.

வெள்வேல மரத்துக்குப் பின்னால இருந்து ஒரு சத்தம் வருது. "இங்கதான் இருக்கறான்னு சொல்லு செவலே. எங்கயும் போகலீன்னு சொல்லு."

மாடு ரெண்டும் வேலிச் சந்துல மூக்கோட மூக்க ஒரசிக்கிட்டிருந்துச்சு. நான் வந்துட்டேன். இவ என்ற மூஞ்சியப் பாத்துட்டு, தானாடாட்டியும் தன் சதையாடும்னு சொல்லிச் சிரிச்சா. இதுல சதை எங்க வந்துச்சு? நான் மாட்டுகிட்டத்தான கேட்டேன்.

மறுநா அந்தத் தம்பி பேப்பரோட போறான், என்ற தம்பி கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டான். பாத்தீங்களா புத்திய? ஊருக்கே வர வேண்டிய கரண்டக் கெடுத்தது யாரு? நானா? நான் பேனா மூடியக் கோடக் கழட்டிட்டேனுங்க. மூடியக் கழட்டி வெச்சுக்கிட்டுத்தான் யோசிச்சேன். இந்தப் பேட்டரியெல்லாம் சூடாயித் தீப்புடிக்கும்னு போன்ல ஒரு படம் வந்துச்சு. அதக் கேட்டேன். தம்பி அதுக்கு நல்லாப் பதில் சொன்னான். பொட்டி ராவும் பகலும் உர்ருங்குமே, மாடு மெரளுமேன்னு கேட்டேன். அதுக்கும் பதில் சொன்னான். அப்பறம் வேலியில குருவி கூடு கட்டுதேன்னேன். தம்பி வேலியத் திரும்பிப் பாத்தான். செரி, குருவி பாவம்னு மூடியப் போட்டுட்டேன். தம்பி கும்புட்டுட்டுக் கெளம்பிப் போயிட்டான். அவனுக்கு வேற ஜில்லாவுக்கு மாத்தலாமுங்க, நல்லா இருக்கட்டும்.

ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்தக் காத்தாடி நிக்கறதப் பாத்தா எனக்கு மனசு கேக்கறதில்ல. காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது, அது கையக் கட்டிக்கிட்டு நிக்குது. பொழுதோடப் பாத்தா ஊர்ல கரண்டு இல்லைன்னு பசங்க கத்துது. கையில இருக்கறத எடுத்து வெக்கறதுக்கு ஒரு எடம் இல்லாம வீணாப் போகுது. அது தப்புத்தானுங்களே? வயசான காலத்துல நாம வேற குறுக்க நிக்கோணுமா?

அதனால அம்மிணி, நான் ரோசனை பண்ணித்தான் வெச்சிருக்கறேன். எடுத்துக்குங்க. என்ற பக்கத்துக் காட்ட நீங்க எடுத்துக்குங்க. பொட்டிய எப்பிடி வேணா வரிசை வெச்சுக்குங்க. ஆனா அந்த வெள்வேல மரத்துகிட்ட வேலி இருக்குதுல்ல, அதுல மட்டும் ஒரு துண்ட உட்டுப்போடோணும். முழுசும் வேண்டாம். இந்தப் பக்கம் ஒரு மாடு நிக்கிற எடம், அந்தப் பக்கம் ஒரு மாடு நிக்கிற எடம். அவ்வளவுதான். மேடு போகுது, தண்ணி நிக்குதுன்னா அத நீங்கதான் கணக்குப் போட்டுப் பாத்துக்கோணும். எதுக்குன்னு கேக்காதீங்க. மாட்டுக்கு நெழல் வேணுமில்ல?

என்னங்கம்மிணி சிரிக்கறீங்க?

என்னது? அவனும் கேட்டானா?

காலையிலயேவா? நீங்க மொதல்ல அங்கயா போயிட்டு வந்தீங்க? வரும்போதே சொல்லப்படாதா, நான் பாட்டுக்கு ராமாயணம் பாடிக்கிட்டிருக்கறேன்! திரும்பச் சொல்லுங்க. அந்த வெள்வேல மரத்துகிட்டத்தானா? ஒரு மாடு நிக்கிற எடமா? அவன் பக்கம் மட்டுமா, இல்ல இந்தப் பக்கமும் சேத்தியா?

ரெண்டு பக்கமும்னானா.

இருங்கம்மிணி. சித்த இருங்க. ரெண்டு பக்கமும்னு கேட்டிருக்கான் பாருங்க. என்ற மயிலைக்கும் சேத்திக் கேட்டிருக்கான்.

துளசிமணி, நீ எதுக்கு இப்ப மூக்க உறிஞ்சற? காப்பியடிக்கறான்டி அவன்! சின்ன வயசுல இருந்தே அப்பிடித்தான், நான் என்ன நெனச்சாலும் அவன் முந்திப் போயிச் சொல்லிப்போடுவான்.

கேக்குதுங்களா? வந்துட்டான் பாருங்க வேலிகிட்ட. மேல்காத்துல எப்பிடித் தெளிவா வருது. "ஏ செவலே, ஒறம்பரை வந்து எத்தனை நேரமாச்சு! இன்னும் வெறும் மோர்லயே உக்கார வெச்சிருக்காங்களாட்டம் இருக்குது, ஒரு வாய் சோறு போட மாட்டாங்களா?" லொள்ளப் பாத்தீங்களா? ஏ துளசிமணி, எலையப் போடு. அம்மிணி, நீங்க சாப்புடாமப் போகப்படாது. என்ற மானம் போயிரும்.

மயிலே! இங்க சோறு தாராளமா இருக்குது! ஒறம்பரையும் சாப்புட்டு, இன்னும் ரெண்டு பேரு வந்தாலும் பத்தும்! வர்றவங்க தேங்கா பழமெல்லாம் கொண்டுக்கிட்டு வர வேண்டியதில்ல, வெறுங்கையோட வந்தாப் போதும்!

பதிலக் காணோமுங்களே. எதிர்காத்து, கேட்டிருக்காது. நீங்க கை கழுவுங்கம்மிணி, நான் அந்தச் சந்து வரைக்கும் போயி, செவலைகிட்டயே நேரா ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்தர்றேன்.